எலும்பில் தங்கிய காரீயம்

ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை மகள், சென்ற வாரம் கால்சியம் மாத்திரையைப் பாதியாக உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தினமும் பால் குடிக்கிறேனே பெரியம்மா, இது வேற எதுக்கு?" என்று கேட்டாள். பிள்ளையின் எலும்புக்கு என்பது எல்லோரும் சொல்லும் பதில். அதோடு இன்னொரு காரணத்தையும் அவளுக்குச் சொன்னேன். அதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

உடலுக்குள் செல்லும் காரீயத்தை (ஆங்கிலத்தில் லெட்) சுண்ணாம்புச்சத்திலிருந்து, அதாவது கால்சியத்திலிருந்து, பிரித்தறிய உடலுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதையும் எலும்பில் சேர்த்து வைத்துவிடுகிறது. பெரியவர்களின் உடலில் உள்ள காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, அது பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும். கருவின் எலும்பு வளரும் மாதங்களில் தாயின் எலும்பு கரைந்து சுண்ணாம்புச்சத்தைக் கொடுக்கும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது உள்ளே போன காரீயமும் சேர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்குச் சற்றே குறைவான அளவு தொப்புள்கொடி இரத்தத்திலும் காணப்படுகிறது. மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய இரத்தத்தில் காரீயத்தின் அளவு சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சுகிறது என்பதால் இரும்பு மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு.

(ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் பதற வேண்டாம். அது வெள்ளீயம், நான் சொல்வது காரீயம். ஆனால் சொம்பு கலப்படமில்லாத வெள்ளீயம்தானா என்பதை நம்பகமான இடத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.)

கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் காரீயம் கூட்டுகிறது. அவற்றைவிட என்னை வாட்டுவது, பிறந்த அன்று எந்தக் குறையும் தெரியாத குழந்தை, பள்ளிக்குப் போகும் வயதில் பாடத்தில் மனம் பதிக்க முடியாமல் திணறுவதுதான். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் பருவத்தில் சுண்ணாம்புச்சத்து செய்ய வேண்டிய வேலையில் காரீயம் குறுக்கிடுகிறது. அந்த இழப்பைப் பிறகு எந்த மருந்தாலும் திருப்பித் தர முடிவதில்லை. கர்ப்பிணியின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அதன் மூலத்தைக் கண்டறிந்து விலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அந்த அளவில் தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாது.

வங்கதேசத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே தொழிற்சாலைகள் இல்லாத சிற்றூர்களில் 430 கர்ப்பிணிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த 5 மைக்ரோகிராம் எல்லைக்கு மேல் காரீயம் இருந்தது. வயல் மண், பூச்சிமருந்து, தகர டப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் டாக்காவின் ஐசிடிடிஆர்பி ஆய்வு நிறுவனத்தினரும் கடைசியில் வந்து நின்ற இடம் அடுப்படி மஞ்சள் தூள். அந்தக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் கைரேகை போன்ற அடையாளம், மஞ்சளில் இருந்ததோடு ஒத்துப்போனது. 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய விரலி மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற, மெருகேற்றும் சுழல் பீப்பாயில் லெட் குரோமேட் என்ற, காரீயம் கலந்த மஞ்சள் சாயப்பொடியைக் கொட்டிக் குலுக்கும் வழக்கம் அங்கே அப்போதிலிருந்தே பரவியிருந்தது. பெயின்ட்டுக்குப் பயன்படும் பொடி அது. மங்கிய மஞ்சள் விலைபோகாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை.

2019-இல் இந்த ஆய்வு வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாள்களிலும் சந்தைச் சுவர்களிலும் எச்சரிக்கை வெளியிட்டது; டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில், எக்ஸ் கதிர் கருவியைக் கையில் பிடித்து அங்கேயே மஞ்சளைச் சோதித்து, கலப்பட மஞ்சள் விற்ற வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமலே போனது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் காரீயம் குறைந்தது. "கர்ப்பிணியே, கவனமாக இரு" என்று அறிவுரை சொல்வதோடு நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். தன் எலும்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

2024-இல் வெளியான இன்னோர் ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் வாங்கிய சில மஞ்சள் மாதிரிகளில் கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. நம் நாட்டில் மஞ்சளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10. சரக்கு ஊர்விட்டு ஊர் போகும் நாட்டில் பாட்னாவைத் தொலைவு என்று என்னால் எண்ண முடியவில்லை. தங்கை மகள் வீட்டுக்கு இப்போது மெருகேற்றாத, மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும் விரலி மஞ்சளையே தெரிந்த விவசாயியிடம் வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருகிறோம். நிறம் கொஞ்சம் மட்டுதான். சாம்பாரில் அது ஒன்றும் தெரியவில்லை.