மழைக்காலத்தில் அன்னபூரணி

மே 24

நான் செய்யும் அன்னபூரணிக் கப்பல் மாதிரியில், ஏராவை, அதாவது அடிமரத்தை, ஒட்டிய முதல் பலகை இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. நேற்று வைத்த பசை இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது. மழை விடவில்லை.

மே 25

நாள் முழுவதும் மரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அகலவாட்டில்தான் ஊதும், சுருங்கும். மலைநாட்டு மஸ்கெலியாவின் இந்த ஈரத்தைக் குடித்து ஊதிய பலகைப் பட்டியை இப்போது நெருக்கிப் பொருத்திவிட்டால், பெப்ரவரி வெயிலில் அது சுருங்கி மூட்டுக்கு மூட்டு கோடு விழும். உண்மைக் கப்பலுக்குக் கலப்பத்து உண்டு. மூட்டுகளில் பஞ்சைத் திணித்துத் தண்ணீரில் இறக்கினால் மீதி இடைவெளியை மரமே ஊதி அடைத்துக்கொள்ளும். என் கப்பல் ஒருநாளும் தண்ணீரில் இறங்கப் போவதில்லை. கூரைக்குக் கீழே இருந்தபடியே அது மழையைத் தாங்க வேண்டும்.

பட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி, அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைத்திருக்கிறேன். கரி படியும் என்று அண்ணி சொன்னார். படியட்டும், உப்புத்தாளில் தேய்த்துவிடலாம். அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், வளைய வேண்டிய முனைகளை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டி, மறுபடி பரணில் காயவைத்த பிறகுதான் பசை. ஒரு பட்டிக்கு இரண்டு நாள் போகிறது. போகட்டும்.

மே 27

மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் கலங்கி வருகிறது என்கிறார் அப்பா. பெய்த மழைக்குக் கலங்குவது வேறு, இது வேறு என்கிறார்.

மே 28

மண்சரிவு எச்சரிக்கை: மஞ்சள்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் எழுந்து போய்விட வேண்டும். இந்த மூன்று எண்களும் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதும் மனப்பாடம்.

அப்பா எங்கள் லயத்து அறையை விட்டு வரமாட்டாராம். "இந்தக் காம்பராவில் பிறந்தேன், இங்கேயே கிடக்கிறேன்" என்றார். அண்ணன் கத்தினான். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மே 29

அப்பா சாப்பிடவில்லை.

மே 31

இவ்வளவு பாடுபட்டு ஏன் யாழ்ப்பாணக் கப்பலைச் செய்கிறாய் என்று அண்ணன் கேட்டான். கோபத்தில் கேட்டான், ஆனால் நியாயமான கேள்விதான்.

அன்னபூரணி 1930இல் வல்வெட்டித்துறையில் வேம்பில் கட்டிய கப்பல். 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசச்சூசெட்சில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தமிழ்க் கைகள் வெட்டிய மரம், தமிழ்க் கைகள் பிடித்த சுக்கான். அளவு தெரிந்த கப்பலைத்தான் அளவுப்படி செய்ய முடியும். 48இல் ஒரு பங்கு என்றால் நீளம் 22¼ அங்குலம், அகலம் 4¾ அங்குலம். வேம்பு இந்தக் குளிரில் வளராது. வளர்ந்தாலும் அதன் முரட்டு ரேகை இந்த அளவில் பொய்யாகத் தெரியும். ஆகவே பலகைக்கு ஹட்டன் தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட மகோகனி. உள்ளே குறுக்குச் சட்டங்களுக்கு அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டிப் பலகை.

உண்மையில் நான் செய்ய நினைத்தது ஆதிலட்சுமியை. 1864இல், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் 120 பேரோடு மூழ்கிய கப்பல். அதற்கு எங்கிருந்து அளவு எடுப்பேன்? ஊகித்துச் செய்தால் அது பொம்மை. இறந்தவர்களுக்குப் பொம்மை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். காட்டு வழியை நினைத்தோம், வழியில் செத்தவர்களை நினைத்தோம். அவர்களை அந்தக் கரையில் கொண்டுவந்து சேர்த்த கடலைப் பற்றி எவ்வளவு பேசினோம்? மலையில் எத்தனையோ கோயிலும் கொடியும் இருக்கின்றன. இங்கே பிள்ளைகள் கண்ணால் பார்க்க ஒரு கப்பல் வேண்டும்.

ஜூன் 1

பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் அடியில் மூன்று துளை போட்ட வட்டக் கட்டைகள் வரும். என் அளவில் ஒன்று 4 மில்லிமீற்றர். மகோகனியில் துளையிட்டால் உடைகிறது. மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலையின் அடிக்கட்டையில் இன்று ஒன்று கடைந்து பார்த்தேன். மூன்று துளையும் சுத்தமாக விழுந்தது! இவ்வளவு நெருக்கமான ரேகையை நான் வேறு மரத்தில் கண்டதில்லை. எத்தனை தலைமுறை கவாத்து வெட்டிய செடியோ.

சந்தோஷத்தில் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

ஜூன் 3

மழை 105 மில்லிமீற்றர்.

ஜூன் 4

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அப்பாவின் மாத்திரை, அண்ணன் மகனின் புத்தகப் பை. அண்ணி போட்ட பட்டியலில் கப்பல் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆட்கள் நனைந்துகொண்டு போகும்போது கப்பலுக்கு எந்தக் கையில் இடம்?

மதியம் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், சுத்தியல் சத்தம். அப்பா பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த காலத்துச் சுத்தியல், மிச்சமிருந்த பெட்டிப் பலகை, ஓரத்துக்குத் தகரப் பட்டி. என்னைப் பார்க்காமலே, "பாப்பா, அளவு சொல்லு" என்றார். சொன்னேன். கப்பலின் உடலை எதுவும் தொடக்கூடாது, ஏராவை மட்டும் இரண்டு இடத்தில் பிடித்தால் போதும் என்றேன். பெட்டியின் அடியில் இரண்டு தாங்கிகளைத் திருகாணி போட்டு நிறுத்தினார்.

"இதை யார் தூக்குவது?" என்று அண்ணன் கேட்டான். "நான்தான்" என்றார் அப்பா.

ஜூன் 5

வந்துவிட்டோம். எல்லோரும் வந்துவிட்டோம்.

ஜூன் 6

பாடசாலை. ஆறாம் வகுப்பு அறையில் எட்டுக் குடும்பங்கள். மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் யாராவது ஒருவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெட்டியை விஞ்ஞான அலுமாரியின் மேல் வைத்து முன்பலகையைக் கழற்றிவிட்டார் அப்பா. காலையிலிருந்து அதன் முன்னால் பிள்ளைகள் நகரவே இல்லை. பாதிக்குமேல் எலும்பாகத் தெரியும் கப்பல், ஆனாலும் பார்க்கிறார்கள். முடியும்வரை யாருக்கும் காட்டக்கூடாது என்றிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வங்கு என்கிற குறுக்குச் சட்டம் எது, ஏரா எது, பலகை எந்த வரிசையில் ஏறும் என்பதெல்லாம் முடிந்த கப்பலில் தெரியாது.

ஜூன் 7

"அத்தை, இதில் ஆட்கள் எங்கே நிற்பார்கள்?"

ஐந்தரை அடி ஆள் இந்த அளவில் மூன்றரை சென்டிமீற்றர் என்றேன். அண்ணன் மகன் பழைய கொப்பித் தாளில் ஆட்களை வெட்டத் தொடங்கினான், மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் மேல்தளத்தின் வரைபடத்தைத் தரையில் விரித்தேன். ஆதிலட்சுமி பற்றி நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் 120 பேர் வேண்டும் என்றான்.

நிற்க வைத்தால் இடம் இருக்கிறது. படுக்க வைத்தோம். அணியத்திலிருந்து சுக்கான் வரை, தோளோடு தோளாக, தலையும் காலும் முட்ட, தளமே தெரியவில்லை. பாய்மரம் ஊன்றும் இடங்களிலும் ஆள் கிடந்தது. கயிறு இழுக்க வருபவன் காலை எங்கே வைப்பான் என்று ஒரு சிறுமி கேட்டாள். இது அன்னபூரணியின் தளம், அந்தக் கப்பலின் தளம் அல்ல என்று சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் யாரும் தாள்களை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 8

எல்லோரும் வேறு கப்பல் கேட்கிறார்கள். மேல் லயத்து அம்மாயிக்கு ராமானுஜம் கப்பல் வேண்டுமாம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய தங்கச்சி தலைமன்னாரில் ஏறிப் போனது அதில்தான். "புகை வரும், மரம் இல்லை, இரும்பு" என்றார். இரும்புக் கப்பல் செய்ய எனக்குத் தெரியாது அம்மாயி என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவர் எழுந்து போகவில்லை. அந்தக் கப்பலின் படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரவில் எழுந்து அதை எழுதி வைத்தேன்.

ஜூன் 9

முடிந்ததும் கப்பலைப் பாடசாலைக்கே கொடுங்கள், கண்ணாடி அலுமாரியில் வைப்போம் என்கிறார் அதிபர். இறுக மூடிய அலுமாரி இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணத்துக்குத்தான் வீடாகும். மேலும் கீழும் துளையிட்டு வலை அடிக்க வேண்டும், ஜன்னல் வெயில் விழாத சுவரில் நிற்க வேண்டும். அவர் தலையாட்டினார். இதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பாய்களுக்குத் தேயிலைச் சாயம் ஏற்றலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். நிறம் அருமையாக வரும், எனக்கும் ஆசைதான். ஆனால் சாயத்தின் துவர்ப்பில் அமிலம் இருக்கிறது, காலப்போக்கில் பருத்தி நூலை அரித்துவிடும். இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பார்க்கும்போது பாய் பொடியாக உதிரக்கூடாது. வெளுக்காத கோராத் துணியே இருக்கட்டும்.

ஜூன் 10

அப்பாவைக் காணோம். லயத்துக்குப் போயிருக்கிறார், என் எஃகு அளவுகோலோடு.

மாலை வந்தார். பின்பக்கத்து மண் வெடிப்பு 40 மில்லிமீற்றர் என்றார். அரை மில்லிமீற்றர்வரை காட்டும் கோல் அது. நாளையும் போய் அளப்பாராம். அளவுகோலை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 11

இங்கே பரண் இல்லை. சமைக்கும் பெண்கள் அடுப்புக்குமேல் கம்பி கட்டித் தந்தார்கள். வலது பக்கம் நான்காவது பலகை ஏறிவிட்டது, இடது பக்கம் மூன்றுதான். ஒரு பக்கம் முந்தினால் ஏரா முறுகும், முறுகினால் திருத்தவே முடியாது. பட்டி காய்ந்திருக்கிறது. மின்சாரம் போவதற்குள் இடது பக்கத்தை ஒட்டிவிட வேண்டும்.