மைக்ரோ ஆர்என்ஏ ப்ராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு: விடை தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் நான் எடுத்தது, அதிகக் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தொடர்புள்ள மரபணுக்களை எந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் (மரபணுவின் செய்தியில் ஒட்டி அதை அடக்கும் குட்டி ஆர்என்ஏ துண்டுகள்) அடக்குகின்றன என்று கணிக்கும் வேலை. அப்பாவுக்கு 46 வயதில் பைபாஸ் நடந்தது, அதனால் வேறு தலைப்பு பக்கமே நான் போகவில்லை. தரமணியில் வகுப்பு முடிந்ததும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் வந்து அண்ணா நூலகத்தில் லேப்டாப்பைத் திறந்தால் மூடும் நேரம் வரை அதே வேலைதான். அப்படியும் முதல் இரண்டு மாதம் வீண்.

எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 என்ற கொலஸ்டிரால் மரபணுக்கள் மூன்றையும் டார்கெட்ஸ்கேன், மிராண்டா, மிர்டிபி என்ற கணிப்புக் கருவிகள் எல்லாவற்றிலும் போட்டு, வந்ததையெல்லாம் ஒரே எக்செல்லில் சேர்த்தேன். பட்டியல் நீளமாக இருந்ததில் சந்தோஷம் வேறு! ஒரு சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "இதுல தற்செயலா வந்தது எத்தனைடா?" என்று கேட்டார். சரி, கணக்குப் போடுவோம். மைக்ரோ ஆர்என்ஏவின் நீளம் சுமார் 22 எழுத்து, ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் முதலில் பார்ப்பது அதில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகளை, அதாவது இலக்கோடு பொருந்த வேண்டிய விதைப்பகுதியை. ஏழு எழுத்து தற்செயலாகப் பொருந்த 16,384-ல் ஒரு வாய்ப்பு. மைக்ரோ ஆர்என்ஏக்கள் பெரும்பாலும் ஒட்டும் இடமான, எல்டிஎல்ஆரின் 3' முனைப்பகுதி (புரதமாக மாறாத கடைசிப் பகுதி) ஏறக்குறைய 2,500 எழுத்து, மனிதனில் பதிவான மைக்ரோ ஆர்என்ஏக்கள் 2,600-க்கு மேல். பெருக்கி வகுத்தால் எந்த உயிரியல் காரணமும் இல்லாமலே கிட்டத்தட்ட 400 பொருத்தம் வந்துவிடும்.

அதனால் முதல் நாளே, ஏற்கெனவே நிரூபணமான ஒரு ஜோடியை உங்கள் முறை கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். நான் எடுத்தது மிர்-33ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ, அது அடக்கும் ஏபிசிஏ1 மரபணு என்ற ஜோடி, 2010-ல் வெளியானது. இது எனக்கு மிகவும் பிடித்த கதை: கொலஸ்டிராலை உருவாக்கத் தூண்டும் எஸ்ஆர்இபிஎஃப்2 மரபணுவின் இன்ட்ரானுக்குள்ளேயே (புரதமாக மாறாத இடைப்பகுதி) மிர்-33ஏ உட்கார்ந்திருக்கிறது, அது ஏபிசிஏ1-ஐ அடக்கி, கொலஸ்டிரால் செல்லைவிட்டு வெளியேறுவதைக் குறைக்கிறது. ஒரே மரபணு வரவைக் கூட்டி செலவையும் அடைக்கிறது. என் பைத்தான் ஸ்கிரிப்டில் இந்த ஜோடிக்கே பூஜ்ஜியம் வந்தது. ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஜோடி எழுத்தாக (ஏ-க்கு யு, ஜி-க்கு சி) மாற்றினேன், ஆனால் வரிசையைத் திருப்பவில்லை. இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில்தானே சேரும். தேட வேண்டியது சிஏஏடிஜிசிஏ. டவுன்லோட் செய்த மரபணு வரிசை டிஎன்ஏ எழுத்தில் இருப்பதால் அதில் யு இருக்காது, டி தான் இருக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் திசு. எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்டிராலை எல்டிஎல்ஆர் வழியாக ரத்தத்திலிருந்து அதிகம் எடுப்பது கல்லீரல். கல்லீரலில் இல்லாத மைக்ரோ ஆர்என்ஏ எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அங்கே எல்டிஎல்ஆரை அடக்க முடியாது. இந்த ஒரு வடிகட்டலிலேயே என் பட்டியல் பாதிக்கும் கீழே போனது. மிஞ்சியதை மிர்டார்பேஸ் என்ற தரவுத்தளத்தில் தேடி, ஆய்வகச் சான்று உள்ளவற்றைத் தனி நிறத்தில் குறித்தேன். எல்டிஎல்ஆருக்கு மிர்-148ஏ அப்படித்தான் நின்றது, அன்று நூலகத்திலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல், "மிர்-33 பற்றி எலியில் பார்த்தது மனிதனுக்கும் அப்படியே பொருந்துமா?" என்று கேட்டார், நான் விழித்தேன். மனிதனுக்கு எஸ்ஆர்இபிஎஃப்1 என்ற வேறொரு மரபணுவுக்குள் மிர்-33பி என்று இன்னொன்று உண்டு, அதே விதைப்பகுதி. எலிக்கு அது கிடையாது. எலியில் 33ஏ-வை மட்டும் நிறுத்தினால் போதும், மனிதனில் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.