டி.பி.எஃப். கழற்றப்பட்ட பி.எஸ்.6 லாரிக்கு எஃப்.சி. வாங்கிய அனுபவம்

நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்க வருபவர்களிடம் புரோக்கர்கள் இப்போது ஒரு செய்தியைச் சிறப்புத் தகுதிபோலச் சொல்கிறார்கள்: "டி.பி.எஃப். எடுத்தாச்சு, ஆட்புளூ செலவும் கிடையாது." டி.பி.எஃப். என்பது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி. ஆட்புளூ என்பது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கான யூரியாக் கரைசல். பி.எஸ்.6 என்ற மாசு விதிமுறைப்படி தயாரான, நான் வாங்கிய 2021 மாடல் 14 அடி வண்டியும் அப்படிப்பட்டதுதான். முந்தைய உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பொருத்துவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக்கொண்டே வாங்கினேன். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முடியும் தேதி நெருங்கியிருந்ததால், அதற்கு முன்பாக வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குறிப்பிட்டுவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் என்னைச் செயல்பட வைத்தது அபராதம் மட்டுமன்று. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. விடியற்காலையில் வண்டியின் பின்பக்கம் நின்று முட்டை அட்டைகளை இறக்கும் ஆட்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்கள் என் வேலைக்கு வருபவர்கள்.

வண்டியை மேடை ஏற்றிப் பார்த்தபோது வேலையின் அளவு விளங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் சைலன்சர் பெட்டி தன் இடத்தில் ஒழுங்காகவே இருந்தது. அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடிய வெல்டிங் தழும்பின் மீது வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்பானரால் தட்டினால் காலி டின்னைப்போல ஒலித்தது. உள்ளிருந்த தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு மூடியிருந்தார்கள். அதில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால் எடுத்த பொருளுக்குத் தனியாக விலை கிடைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். குழாயில் இரண்டு கேஸ்கட்டுகளுக்கு நடுவே தகடு வைத்து அடைத்திருந்தார்கள். ஆட்புளூ பம்பின் மின் இணைப்பைப் பிடுங்கி, எல்லாம் சரியாக இயங்குவதாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்குப் பொய்ச் சமிக்ஞை அனுப்பும் ஒரு சிறு பெட்டியை மாட்டியிருந்தார்கள். இ.சி.யு.வின் மென்பொருளையும் மாற்றியிருந்ததால் ஸ்கேனரில் ஒரு பிழைக் குறியீடுகூடக் காட்டவில்லை. இந்த நிலையிலுள்ள வண்டியில் ஸ்கேனர் சுத்தமாக இருப்பதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

எதையும் தொடுவதற்கு முன் புகை அளவைப் பார்த்துக்கொண்டேன். எஞ்சின் சூடேறியபின் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்து விட்டு, மிதித்து விட்டு எடுக்கும் அளவு அது. புகையின் அடர்த்தியைக் காட்டும் கே-மதிப்பு 1.1 என்று வந்தது. பி.எஸ்.4 வண்டிக்கான வரம்பு 1.62, பி.எஸ்.6 வண்டிக்கு 0.7. அதாவது, பழைய வரம்பில் எளிதாகத் தேறியிருக்கும் வண்டி புதிய வரம்பில் தோற்றது. கண்ணுக்குப் பெரிதாகக் கரும்புகை தெரியவில்லை என்பதால் தேறிவிடும் என்று நம்புபவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டீசல் வண்டிகளுக்கான புகைச் சான்றில் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆகவே வடிகட்டியை மட்டும் மாட்டிவிட்டு ஆட்புளூவை அப்படியே விட்டிருந்தாலும் சான்று கிடைத்திருக்கும். பாதி வேலையோடு நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. தவிர, மூல மென்பொருளை ஏற்றியபின் ஆட்புளூ வேலை செய்யாவிட்டால் எஞ்சினின் இழுவையை அதுவே குறைத்துவிடும்.

வேலையின் வரிசை முக்கியம். எல்லா உறுப்புகளும் இடத்தில் இருந்தால்தான் மென்பொருளை ஏற்றுவோம் என்று சர்வீஸ் நிலையத்தில் உறுதியாகச் சொன்னார்கள். அது நியாயமான நிபந்தனை. புதிய டி.பி.எஃப்., அதன் முன்னும் பின்னும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், வெப்பநிலை சென்சார்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும், பழுதாகியிருந்த ஒரு நாக்ஸ் சென்சார் ஆகியவற்றை முதலில் மாட்டினோம். ஆட்புளூ இன்ஜெக்டரின் முனையில் கல் உப்பு போல வெள்ளையாக இறுகிப்போயிருந்த யூரியாப் படிகத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்ததால் அதை மாற்றும் செலவு மிச்சமானது. தொட்டியில் கிடந்த பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றினோம். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சு உண்டு, அது பம்பையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியாவைத் தூய நீரில் கரைத்தது. மூடி உடைக்காத கேனில் வாங்குவதுதான் பாதுகாப்பானது.

அதன்பிறகு மூல மென்பொருளை ஏற்றி, புதிய வடிகட்டி பொருத்தப்பட்டதைப் பதிவுசெய்து, ஸ்கேனர் வழியாக ரீஜெனரேஷன் செய்தார்கள். வடிகட்டியில் படிந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் எரிக்கும் வேலை என்பதால், காய்ந்த புல்லோ சாக்கோ இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்த வேண்டும். அது முடிந்து எஞ்சின் ஆறியபின் சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பழைய கரி கொஞ்சம் ஒட்டியது. ஒரு வாரம் ஓட்டியபின் துடைத்தபோது துணியில் ஏதும் படியவில்லை. மறுபடி அளந்ததில் கே-மதிப்பு 0.06.

எஃப்.சி. காட்டிய நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, காப்பீடு, சாலை வரி, பர்மிட், புகைச் சான்று ஆகியவற்றுடன் சென்றேன். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் பிரதிபலிப்புப் பட்டைகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, பின்புறத் தடுப்புக் கம்பி, விளக்குகள், பிரேக் எல்லாவற்றையும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைகிறதா என்றும் கவனித்தார். முந்தைய மென்பொருளில் அந்த விளக்கு எரியவே எரியாது. ஒரு பக்கத் தடுப்பின் போல்ட் தளர்ந்திருந்ததை அங்கேயே முடுக்கச் சொன்னார். எட்டு ஆண்டுக்கு உட்பட்ட வண்டி என்பதால் இரண்டு ஆண்டுக்குச் சான்று கிடைத்தது.

இப்போது சாம்பல் குறைவான சி.கே.-4 ரக எஞ்சின் ஆயிலைத்தான் ஊற்றுகிறேன், ஏனெனில் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் ரீஜெனரேஷனில் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ரீஜெனரேஷன் விளக்கு எரியும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது என்று ஓட்டுநர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் நடையாக இருந்தால் புறவழிச்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறார். டி.பி.எஃப்.பின் வரிசை எண் உள்ள ரசீதையும் மென்பொருள் பதிப்பு எண் அச்சிட்ட தாளையும் ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன், வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அவற்றைச் சேர்த்துக் கொடுப்பேன்.