கறுத்துப்போன பிரேக் ஆயில்

பைக்கின் முன் பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கவே பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டிகாஷனாகக் கறுத்திருந்தது. டாட் 4 என்ற தரவகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத அது, நீர் கலந்தபின் 155 டிகிரி அளவிலேயே கொதித்துக் குமிழ் விடக்கூடும் என்பதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் டேங்கின் பெயின்ட் உரிந்துவிடும் என்று பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, லீவரை அழுத்திப் பிடித்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் பழைய ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தி இறுக்கி, குமிழ் நிற்கும்வரை புது ஆயிலை ஊற்றினேன். பளபளக்கும் அலங்கார லீவர் வாங்கும் ஆசையை ஒத்திவைத்து, பழையதன் போல்ட்டுக்கே கிரீஸ் தடவினேன். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி 12.2 வோல்ட்தான் காட்டியது, 12.6 இருந்திருக்க வேண்டும். அது இப்போது சார்ஜில் இருக்கிறது.