வேப் திரவம் கலத்தல்: சிரிஞ்சை விட்டுத் தராசுக்கு வந்த கதை

வேப் என்னும் மின்-சிகரெட்டில் ஆவியாக்கி இழுக்கும் திரவத்தை வீட்டிலேயே கலக்கத் தொடங்கியபோது, முதல் புட்டியிலேயே ஆறு சுவைச்சாறுகளை ஊற்றினேன். கிடைத்தது, எதன் மணமும் தனியாகத் தெரியாத, இருமல் மருந்தை நினைவூட்டும் ஒரு கலவை. அதைத் தூக்கி எறிய நேர்ந்ததைவிட, ஆறில் எது கெடுத்தது என்று கண்டறிய வழியில்லாமல் போனதே எனக்கு வருத்தமாக இருந்தது. ஏற்கெனவே வேப் பயன்படுத்துகிற பெரியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர் இதில் இறங்க ஒரு காரணமும் இல்லை.

தேவையான பொருள்கள் நான்குதான்: புரோப்பிலீன் கிளைகால், தாவரக் கிளிசரின், சுவைச்சாறு, விரும்பினால் நிக்கோடின். பேச்சு வழக்கில் முதலிரண்டையும் பி.ஜி., வி.ஜி. என்பார்கள். பி.ஜி. நீர்த்தது, சுவையை நன்றாகச் சுமப்பது, தொண்டையில் சற்று உறைப்பது; வி.ஜி. கெட்டியானது, லேசாக இனிப்பது, அடர்த்தியான ஆவியைத் தருவது. திரவக் கூட்டைச் செருகிப் பயன்படுத்தும் சிறிய பாட் (pod) கருவிகளின் பஞ்சு கெட்டியான திரவத்தை விரைவாக உறிஞ்சாது என்பதால் அவற்றுக்குச் சரிபாதிக் கலவையும், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (coil) பெரிதாக உள்ள கருவிகளுக்கு 70 வி.ஜி., 30 பி.ஜி. விகிதமும் பொருந்தும்.

தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் சிரிஞ்சால் அளந்தேன். வி.ஜி. சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்குமிழிகள் அளவைப் பொய்யாக்கும், கழுவவோ அரைமணி நேரம் ஆகும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றை வாங்கிய நாளில் இந்தத் தொல்லை முடிந்தது. புட்டியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, ஒவ்வொன்றாக ஊற்றினால் போதும். ஒரு மில்லிலிட்டர் பி.ஜி. ஏறக்குறைய 1.04 கிராம், வி.ஜி. 1.26 கிராம் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கோடினுடன் 30 மில்லிலிட்டர் திரவம் வேண்டுமென்றால், மொத்தம் 90 மில்லிகிராம் தேவை; கையிலிருக்கும் நிக்கோடின் கரைசல் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வலுவுள்ளதானால் அதில் 0.9 மில்லிலிட்டர் போதும். சுவைச்சாறு பத்து சதவீதம், அதாவது 3 மில்லிலிட்டர், வி.ஜி. 70 சதவீதம், அதாவது 21 மில்லிலிட்டர், சாறும் நிக்கோடினும் பி.ஜி.யில் கரைக்கப்பட்டவையாயின், எஞ்சிய 5.1 மில்லிலிட்டர் பி.ஜி.

இந்தக் கணக்கில் புள்ளி ஓரிடம் நகர்ந்து 0.9 என்பது 9 ஆகிவிட்டால், புட்டியில் சேரும் நிக்கோடின் 90 மில்லிகிராமிலிருந்து 900 ஆகிவிடும். ஆகவே கணக்கைத் தாளில் எழுதி இரண்டாம் முறை சரிபார்க்காமல் நான் நிக்கோடின் புட்டியைத் திறப்பதில்லை. அது தோல் வழியாகவும் உடலில் சேரும் என்பதால் நைட்ரைல் கையுறை கட்டாயம்; சிந்தினால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். குழந்தைகள், வளர்ப்பு விலங்குகள் ஆகியோருக்குச் சிறிதளவும் பேராபத்து என்பதால், புட்டி பூட்டிய இடத்தில், ஒளி படாமல், குளிராக இருக்க வேண்டும். சில நாடுகளில் இக்கரைசலின் வலுவுக்குச் சட்ட வரம்பும், வேறு சிலவற்றில் முழுத் தடையும் உண்டு என்பதால், வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சமையலறையில் இருக்கும் எசன்ஸை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். உண்ணத் தகுந்தது மூச்சில் இழுக்கத் தகுந்தது ஆகிவிடாது. எண்ணெய் கலந்த எதையும் சேர்க்கவே கூடாது. நுரையீரலில் படியும் எண்ணெய் லிப்பாய்டு நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைலைத் தொடர்ந்து சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டன. கஸ்டர்டு, கிரீம் வகைச் சாறுகளை வாங்கும்போது, அதுவும் அதன் உறவான அசெட்டைல் புரோப்பியோனிலும் இல்லாதவற்றையே தேர்ந்தெடுக்கிறேன். இவை இல்லை என்பதால் திரவம் தீங்கற்றதாகிவிடுவதில்லை என்பதையும் அறிந்தே செய்கிறேன்.

கலந்தபின் நன்றாகக் குலுக்கி ஊற விட வேண்டும்: பழச்சுவைக்குச் சில நாள்கள், கஸ்டர்டுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். சூடாக்கி விரைவுபடுத்தும் குறுக்குவழிகளால் நிக்கோடின் கருத்ததைத் தவிர வேறு பயனை நான் கண்டதில்லை.

இப்போது ஒவ்வொரு சாற்றையும் முதலில் தனியாகவே கலந்து பார்க்கிறேன். 4, 6, 8 சதவீதத்தில் ஸ்டிராபெரி மட்டும் கலந்த மூன்று சிறு புட்டிகள், தேதி எழுதிய சீட்டுடன் அலமாரியில் ஐந்து நாள்களாக ஊறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எது தேறுகிறதோ அதில்தான் வெண்ணிலா சேரும்.