பரம்பிக்குளம் ஷட்டர்

டிவியில் முல்லைப் பெரியாறு என்று கேட்டாலே அப்புச்சி ஆரம்பித்துவிடுவார். "நம்ம பரம்பிக்குளத்தைப் பத்தி எவனாச்சும் பேசறானா கண்ணு?"

நியாயம்தான். அணை இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், ஷட்டர் தமிழ்நாட்டுக்காரர்களான நம் கையில். 2022 செப்டம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலி அறுந்து ஒரு ஷட்டரே பிய்த்துக்கொண்டு போனது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி. சாலக்குடி ஆற்றங்கரையில் கேரளாக்காரர்களுக்கு வெள்ள பயம். பொள்ளாச்சியில் எங்களுக்கோ, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் வீணாகப் போச்சே என்ற வயிற்றெரிச்சல். அவர்கள் பயத்தைக் கிண்டலடித்து நானும் அன்று ஒரு மீம் போட்டேன். அப்புறம் வெட்கப்பட்டு அழித்தேன் (அப்புச்சிக்குத் தெரியாது).

சரி, இந்த முறை நம் பாசன மண்டலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் எப்போதுங்க? தென்னை வாடுது.