பழைய கிட்டாருக்குப் புதிய மேனி

பயன்படுத்திய மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, அதன் கறுப்புப் பூச்சை நீக்கி, மரத்தின் இயல்பான நிறத்தை வெளிக்கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தந்திகளைக் கழற்றி, நான்கு திருகுகளை எடுத்து நெக்கை (கழுத்துப் பகுதியை) தனியாக்கி, ஒயர்கள் எங்கெங்கே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

பூச்சை நீக்குவதுதான் பெரும்பாடு. இத்தகைய கிட்டார்களில் பெரும்பாலும் தடித்த பாலியெஸ்டர் பூச்சே இருப்பதால், உப்புத்தாளால் மட்டும் தேய்த்தால் கை ஓய்ந்துவிடும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, முகக்கவசம் அணிந்து, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தியபோது பூச்சு கொப்புளித்து எழுந்தது. அகலமான தகட்டை அடியில் செலுத்தியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. உள்ளே மூன்று மரத்துண்டுகளை ஒட்டிய கோடுகள் தெரிந்தன. அவற்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

120, 220, 320 எண் உப்புத்தாள்களால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, டங் மர விதையிலிருந்து எடுக்கப்படும் டங் எண்ணெயை மெல்லிய படலங்களாக, ஒன்று நன்கு காய்ந்த பின்னரே அடுத்தது என்று பூசினேன். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

கரகரத்த வால்யூம் கன்ட்ரோலுக்குப் பதிலாக, ஒற்றைச்சுருள் பிக்கப்புகளுக்கு (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகங்களுக்கு) வழக்கமாகப் பயன்படும் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை (திருகினால் மின்தடை மாறும் பாகத்தை) பற்றவைத்தேன். உட்குழிகளில் செம்பு நாடா ஒட்டி அதை எர்த்துடன் இணைத்ததும் இரைச்சல் வெகுவாக அடங்கியது.